தடைக்காலத்தில் ஒரு குட்டி நாட்டின் சரித்திரத்தைப் படிப்பது எப்படி

ஏப்ரல் 15 பிறந்ததும் விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகில் யாரும் கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களில் மீன் கம்பெனியில் கணக்கு எழுதும் என்னைப் போன்றவனுக்குக் காலையில் ஒரு மணி நேர வேலை, அப்புறம் நாற்காலியும் மின்விசிறியும்தான். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு வருஷம் தொடங்கிய பழக்கம் இது. ஒரு தடைக்காலத்துக்கு ஒரு நாடு என்று எடுத்துக்கொண்டு அதன் சரித்திரத்தைப் படிப்பேன். பெரிய நாடு எடுக்கமாட்டேன். ரோமாபுரியை எடுத்தால் 61 வருஷமும் போதாது. குட்டி நாடு என்றால் அதைப் பற்றி உலகத்தில் இருக்கிற முக்கியமான சான்றையெல்லாம் ஒரே நோட்டில் அடக்கிவிடலாம், அதில் ஒரு சுகம் இருக்கிறது.

எப்படிப் படிக்கிறாய் என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன். உதாரணத்துக்கு நான் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நாடு, செங். சீனாவில் சவு மன்னர்கள் காலத்தில், இன்றைய ஹூபெய் மாகாணத்து சுவெய்சோ ஊர்ப்பக்கம் இருந்த குறுநிலம். கி.மு. 1046 வாக்கில் சவு வம்சம் ஷாங் வம்சத்தைக் கவிழ்த்தபிறகு, சொந்தக்காரர்களுக்கும் தளபதிகளுக்கும் நிலம் பிரித்துக் கொடுத்து எல்லைகளில் உட்கார வைத்தது. அப்படி வந்த நாடுகளில் ஒன்று. நம்ம பாளையப்பட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கப் பொருந்தாது, ஆனால் தொடங்குவதற்குப் போதும்.

தேவையானவை: இன்டர்நெட் உள்ள போன், 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று, ஒரு பேனா, ஒரு பென்சில். பென்சில் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பேரைப் பிடியுங்கள்

இந்த இடத்தில் என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லாமல் முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐஸ் கணக்கும் மீன் கணக்கும் என்னிடம்தான். ஐஸ் பில்லில் போட்டின் பதிவு எண் இருக்கும். வாடியில் மீன் எடை போட்டு எழுதித் தரும் துண்டுச் சீட்டில் கரையில் கூப்பிடும் பேர் இருக்கும். ஒரு சீட்டில் எப்போதும் ‘பச்சைப் போட்டு’ என்று வரும். நான் அதற்கு ஒரு பக்கம் திறந்தேன், பதிவு எண்ணுக்கு இன்னொரு பக்கம் திறந்தேன். ஒரு போட்டு ஐஸாக வாங்குகிறது, மீனே கொண்டுவருவதில்லை. இன்னொன்று கூடை கூடையாக மீன் இறக்குகிறது, ஒரு கட்டி ஐஸ்கூட வாங்குவதில்லை. மூன்று மாதம் இப்படியே எழுதியிருக்கிறேன். கடைசியில் ஒரு டிரைவர்தான் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, ரெண்டும் ஒரே போட்டுதான்யா. முன்னாடி பச்சைப் பெயின்ட் அடிச்சிருந்துச்சு.” நான் வெளியே போய்ப் பார்த்தேன். போட்டு நீல நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

செங் நாட்டின் கதையும் அச்சு அசல் இதுதான். பழைய சீன நூல்களைத் திறந்தால் ஹான் ஆற்றுக்குக் கிழக்கே சுவெய் என்று ஒரு நாடு அடிக்கடி வருகிறது, போர் செய்கிறது, சமாதானம் செய்கிறது. ஆனால் அந்த நாட்டு மன்னர் செய்வித்த வெண்கலம் என்று எதுவும் மண்ணிலிருந்து வரவில்லை. மண்ணைத் தோண்டினால் அதே பகுதியில் செங் மன்னர், செங் மன்னர் என்று பேர் பொறித்த வெண்கலப் பாத்திரங்களாக வருகின்றன. ஆனால் அந்தப் பகுதியில் செங் என்று ஒரு நாடு இருந்ததாக நூல்களில் பேச்சே இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஐஸ், இன்னொரு பக்கம் முழுக்க மீன். 1978-இல் லீ ஷுவேச்சின் என்ற அறிஞர் இரண்டும் ஒரே நாடாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதினார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ள முப்பது நாற்பது வருஷம் ஆனது.

ஆகவே எந்த நாட்டை எடுத்தாலும் நோட்டின் முதல் பக்கத்தில் பேர்களை மட்டும் எழுதுங்கள். அவர்கள் தங்களை என்ன பேர் சொல்லிக்கொண்டார்கள், பக்கத்து நாட்டான் என்ன பேர் சொன்னான், பிற்காலத்தான் என்ன பேர் வைத்தான். நம் ஊரையே பாருங்கள், நம் மன்னர்கள் தங்களைச் சேதுபதி என்றார்கள், பழைய ஐரோப்பிய வரைபடங்களில் மறவர் நாடு என்று இருக்கும், வெள்ளைக்காரன் கச்சேரியில் அது ராம்நாடு. வெளியூர்க்காரன் ஒருவன் இந்த மூன்றையும் மூன்று நாடு என்று நினைத்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. நம் ச-வுக்குள் சீனத்தின் ஐந்தாறு ஒலிகள் போய் ஒளிந்துகொள்ளும். செங் என்று நான் எழுதுவது உண்மையில் ட்ஸெங் என்பதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி. இப்போதைய ஆங்கில எழுத்துமுறையில் இசட்-இ-என்-ஜி என்று தேடினால்தான் கிடைக்கும். பழைய மொழிபெயர்ப்புகளில் எழுத்துமுறையே வேறு. 1872-இல் வந்த ஜேம்ஸ் லெக்கின் மொழிபெயர்ப்பில் சுவெய் நாடு எஸ்-யு-ஒய் என்று இருக்கும். அது தெரியாமல் நான் இரண்டு நாள் தேடினேன். தமிழ்ப் பேருக்குப் பக்கத்திலேயே ஆங்கில எழுத்தையும், முடிந்தால் சீன எழுத்தையும் பார்த்து வரைந்து வைத்துவிடுங்கள். வரைவது சிரமம் என்றால் போனில் படமெடுத்து வையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ஷான்டோங் பக்கம் இன்னொரு செங் நாடு இருந்தது. ஒலி ஒன்று, எழுத்து வேறு, குலமும் வேறு. அந்தச் செங்கை கி.மு. 567-இல் ஜூ என்ற நாடு விழுங்கிவிட்டது. அதன் மன்னர் ஒருவரை கி.மு. 641-இல் பலிகொடுத்தார்கள் என்றும் வருகிறது. இணையத்தில் இரண்டு செங்கையும் குழப்பி ஒரே கதையாக எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வரைபடம்

ராஜா பேர் ஒன்றுகூட மனப்பாடம் செய்யும் முன்னால் வரைபடத்தைத் திறந்து, மலையும் ஆறும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, சுவெய்சோவைத் தேடுங்கள். வடக்கே தோங்பய் மலை, தெற்கே தாஹோங் மலை, நடுவில் சந்து மாதிரி ஒரு தாழ்நிலம். வடக்குச் சமவெளியில் இருக்கிறவனுக்கு யாங்சி ஆற்றுப் பக்கத்துச் செம்பு வேண்டும். செம்பு இல்லாமல் வெண்கலம் இல்லை, வெண்கலம் இல்லாமல் அந்தக் காலத்தில் அரசாங்கமே இல்லை, வேலும் வெண்கலம், படையல் பாத்திரமும் வெண்கலம். செம்பு வடக்கே போகிற வழிகளில் முக்கியமான ஒன்று இந்தச் சந்து. செங் தலைவர் ஒருவர் செய்த பாத்திரத்தில் உலோக வழி, வெள்ளீய வழி என்றே பொறிப்பு இருக்கிறது. மதிப்புள்ள தளபதி குடும்பத்தை சவு மன்னர் ஏன் அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பாம்பன் கால்வாய் எவ்வளவு அகலம்? ஆனால் அதற்குள் நுழையாவிட்டால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். சின்ன இடம், ஆனால் எல்லோரும் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். குட்டி நாடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் பிழைத்திருக்கின்றன, உங்கள் நாடு எந்தச் சந்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி சரித்திரம் கைக்கு வந்துவிடும்.

அடுத்தவன் எழுதிய கணக்கு

நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் வெளியார் எழுதியது, வலது பக்கம் அந்த நாட்டார் தாங்களே எழுதியது. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்கவே கூடாது. கலந்தால் மறுபடி பிரிக்க முடியாது.

இடது பக்கத்துக்குச் செங் விஷயத்தில் ஒரே நூல்தான் முக்கியம், சுவோ சுவான். லூ என்ற நாட்டின் ஆண்டுக்குறிப்புகளை ஒட்டி எழுதப்பட்ட உரை, கி.மு. 722-இல் தொடங்கி ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு ஓடுகிறது. வருஷத்தை லூ மன்னர்களின் ஆட்சியாண்டில் சொல்லும், நம் கல்வெட்டில் ‘யாண்டு 6-ஆவது’ என்று வருமே, அதே வழக்கம். மாற்றுவது சுலபம். அந்த மன்னரின் முதலாம் ஆண்டைப் பிடித்து, சொல்லியிருக்கும் எண்ணில் ஒன்று குறைத்து, கழியுங்கள். ஹுவான் மன்னரின் முதலாண்டு கி.மு. 711, அவருடைய ஆறாம் ஆண்டு என்றால் 711-இல் ஐந்து போக 706. கி.மு. என்பதால் எண் குறையக் குறைய நம் பக்கம் வருகிறது, இதில் தடுமாறாதவர் யாருமில்லை.

அந்த 706-இல்தான் சுவெய் நூலுக்குள் நுழைகிறது. தெற்கே சூ என்ற பெரிய நாடு படையெடுத்து வருகிறது. ஹானுக்குக் கிழக்கே உள்ள நாடுகளில் சுவெய்தான் பெரியது, அதற்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டால் சின்ன நாடுகள் அதை விட்டு விலகிவிடும் என்று சூ நாட்டு அமைச்சர் கணக்குப் போட்டு, வேண்டுமென்றே நோஞ்சான் படையைக் காட்டச் சொல்கிறார். சுவெய் பக்கம் ஜீ லியாங் என்ற அமைச்சர் அந்தத் தந்திரத்தைப் புரிந்துகொண்டு மன்னரைத் தடுக்கிறார். படையல் எல்லாம் கொழுத்ததாகத்தானே வைக்கிறேன், தெய்வம் காக்காதா என்று மன்னர் கேட்க, ஜனங்கள்தான் தெய்வங்களுக்கே எஜமானர்கள், முதலில் அவர்களைக் கவனி என்கிற அர்த்தத்தில் அவர் பதில் சொல்கிறார். இரண்டு வருஷம் கழித்து 704-இல் அதே ஜீ லியாங் சொன்னதைக் கேட்காமல் சண்டைக்குப் போய் மன்னர் தோற்று ஓடுகிறார்.

690-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். சூ மன்னர் மறுபடி சுவெய்மேல் வருகிறார், வழியில் ஒரு மரத்தடியில் இறந்துபோகிறார். தளபதிகள் சாவை வெளியே விடவில்லை. புது வழி வெட்டி, ஆற்றுக்குப் பாலம் போட்டு, மன்னர் உயிரோடு இருக்கிற மாதிரியே போய் ஊர் வாசலில் பாளயம் இறங்குகிறார்கள். பயந்துபோன சுவெய் சமாதானம் கேட்கிறது. இறந்த மன்னரின் பேரிலேயே ஒப்பந்தம் முடித்து, ஹான் ஆற்றைத் தாண்டித் திரும்பின பிறகுதான் ஒப்பாரி வைக்கிறார்கள். 640-இல் சுவெய் மற்ற சின்ன நாடுகளைச் சேர்த்துக்கொண்டு ஒருமுறை எதிர்த்துப் பார்க்கிறது, அடி வாங்குகிறது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, இதை எழுதியது யார் என்று கேளுங்கள். எழுதியவர் வடக்கே எங்கோ உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு சூ நாடு பயமுறுத்தும் பெரிய ஆள், சுவெய் என்பது அந்தக் கதையில் அடி வாங்குவதற்காக வரும் பாத்திரம். சண்டை இல்லாத வருஷத்தில் சுவெய்யில் விளைச்சல் எப்படி, யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. கம்பெனி நோட்டில் போட்டுக்காரன் வருவது கடன் வாங்கும்போதும் கடன் கட்டாதபோதும் மட்டும்தானே.

506-ஐ மட்டும் தனிப்பக்கத்தில் எழுதுங்கள். கிழக்கேயிருந்து வூ நாட்டுப் படை வந்து சூ தலைநகரையே பிடித்துவிடுகிறது. சூ மன்னர் சாவ் ஓடி, பல தலைமுறையாகத் தன் முன்னோர்கள் அடித்துக்கொண்டிருந்த இதே சுவெய்க்குள் அடைக்கலம் புகுகிறார். வூ படை வாசலில் நின்று, சூ நம் சவு குலத்து நாடுகளையெல்லாம் அழித்தவன், அவனைக் கொடுத்துவிடு, ஹான் ஆற்றுக்கு வடக்கு நிலமெல்லாம் உனக்கு என்று பேரம் பேசுகிறது. மன்னரைப் போலவே முகச்சாயல் உள்ள சகோதரர் ஒருவர், என்னை மன்னர் என்று சொல்லிப் பிடித்துக் கொடுங்கள் என்கிறார். சுவெய்க்காரர்கள் குறி பார்க்கிறார்கள், நல்லதாக வரவில்லை. அப்புறம் வூவிடம், நாங்கள் சின்னவர்கள், சூவுக்குப் பக்கத்தில் கிடக்கிறோம், எங்களை அழிக்காமல் விட்டது சூதான், தலைமுறை தலைமுறையாக உடன்படிக்கை இருக்கிறது, கஷ்டகாலத்தில் கைவிட்டால் நாளைக்கு உங்களுக்கு மட்டும் எப்படி உண்மையாக இருப்போம் என்று பதில் சொல்கிறார்கள். வூ படை திரும்பிப் போகிறது.

மண்ணுக்குள் இருந்து வந்த கணக்கு

இனி வலது பக்கம். இதில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்றே கேள்வி: யார் செய்வித்தது, யாருக்காக, எங்கே எந்த வருஷம் கிடைத்தது. மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்தப் பொருளைப் பென்சிலால் எழுதுங்கள். ஏலக்கடையில் வந்த பாத்திரமும் கல்லறையில் இருந்த இடத்திலேயே எடுத்த பாத்திரமும் ஒரே மதிப்பு கிடையாது.

1966-இல் ஜிங்ஷான் என்ற ஊரில் வாய்க்கால் வெட்டும்போது 97 வெண்கலப் பொருட்கள் வந்தன, அதில் செங் பேர். 1977-இல் சுவெய்சோ பக்கத்தில் லெய்குதுன் என்ற மேட்டில் ராணுவத்தார் கட்டடம் கட்ட வெடி வைத்து மண்ணைச் சமப்படுத்தும்போது நிறம் மாறிய மண் வந்தது. 1978-இல் தோண்டினார்கள். செங் மன்னர் யி என்பவரின் கல்லறை. 15,000-க்கு மேற்பட்ட பொருட்கள். தண்ணீர் நிறைந்த குழி, அந்தத் தண்ணீரை இறைக்க இறைக்க மரச்சட்டம் தெரிகிறது, அதில் 65 வெண்கல மணிகள் மூன்று அடுக்காக, பெரும்பாலானவை இரண்டாயிரத்து நானூறு வருஷம் முன்னால் தொங்கவிட்டபடியே தொங்கிக்கொண்டிருக்கின்றன. பெரிய மணி 200 கிலோவுக்கு மேல், நம் பழைய ஐஸ் பார் ஒன்றரைக்குச் சமம். சட்டத்தை இடுப்பில் வாள் கட்டிய ஆறு வெண்கல மனிதர்கள் தலையிலும் கையிலும் தாங்குகிறார்கள்.

மணியின் வடிவத்தைக் கொஞ்சம் பாருங்கள். நம் கோவில் மணியோ சர்ச் மணியோ வட்டமாக இருக்கும். இது நாட்டு ஓடு இரண்டை முகத்தோடு முகம் கவிழ்த்துச் சேர்த்த மாதிரி, இரண்டு பக்கமும் விளிம்பு கூர்ந்து இருக்கும். அதனால் நடுவில் அடித்தால் ஒரு சுரம், ஓரத்தில் அடித்தால் இன்னொரு சுரம், வட்ட மணி மாதிரி ரீங்காரம் இழுத்துக்கொண்டே போகாமல் சட்டென்று அடங்கும். மெட்டு வாசிக்க அதுதான் தேவை. எங்கே அடித்தால் என்ன சுரம் என்று மணியிலேயே எழுதி, அதே சுரத்துக்கு சூ நாட்டில் என்ன பேர், ச்சி நாட்டில், ஜின் நாட்டில் என்ன பேர் என்றும் பொறித்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது தரகர் ஞாபகம்தான் வந்தது. கூடைக் கணக்கு பேசுகிறவனிடம் கூடை, கிலோ பேசுகிறவனிடம் கிலோ. நாலு பெரிய நாட்டுக்கு நடுவில் பிழைக்கிறவனுக்கு எல்லார் பாஷையும் தெரிந்திருக்கவேண்டும்.

அழகை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். அதே கல்லறையில் யி மன்னரோடு 21 பெண்கள் புதைக்கப்பட்டிருந்தார்கள், பெரும்பாலும் இளவயது, சிலர் சிறுமிகள். மணியைப் பற்றி மூன்று பக்கம் எழுதின என் நோட்டில் இவர்களுக்கு ஒரு வரி இருந்தது, பிறகு வெட்கப்பட்டு மேலும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். மணியை வாசித்தவர்கள்கூட அவர்களில் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

இரண்டையும் பொருத்துவது

கீழ் அடுக்கின் நடுவில் ஒரு மணி மட்டும் மற்றதோடு சேராத வடிவம். அதில் உள்ள வாசகத்தின் சாரம் இது: மன்னரின் 56-ஆவது ஆண்டில், சூ மன்னர் ஷியோங் சாங், செங் மன்னர் யிக்காக இதைச் செய்வித்தார், என்றென்றும் வைத்து வழிபாட்டுக்குப் பயன்படுத்தட்டும். ஷியோங் சாங் என்பது சூ மன்னர் ஹுயி. அவருடைய முதலாண்டு 488, ஐம்பத்தைந்து கழித்தால் கி.மு. 433. யி மன்னரின் காலம் இந்த ஒரு மணியால்தான் நமக்குக் கிடைக்கிறது.

இப்போது இடது பக்கத்துக்குப் போங்கள். ஹுயி யாருடைய மகன்? 506-இல் ஓடிவந்து சுவெய்யில் ஒளிந்த சாவ் மன்னரின் மகன். அப்பனைக் காப்பாற்றினது சுவெய், 73 வருஷம் கழித்து மகன் பரிசு அனுப்புவது செங் மன்னருக்கு. எனக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது. நம் ஊர்க்காரருக்கு இது புதுக்கதையும் இல்லை. 1650-களில் மைசூர்ப் படை மதுரைமேல் வந்தபோது திருமலை நாயக்கர் நோய்ப்படுக்கையில் கிடந்தார், சேதுபதி படையோடு போய் விரட்டினார், பதிலுக்குக் கப்பம் நீங்கியது, ராமநாதபுரத்தில் நவராத்திரி கொண்டாடும் உரிமையும் திருமலை என்ற பேரும் கிடைத்தன. பெரியவன் ஆபத்தில் சின்னவனிடம் பட்ட கடன் எப்படித் திரும்ப வருகிறது என்று பார்க்கப் பழகினால் குட்டி நாடுகளின் கதையில் பல முடிச்சு அவிழும்.

ஆனால் ஒரு பரிசு மணியை வைத்து செங்தான் சுவெய் என்று முடிவுகட்ட முடியாது, பொருத்தம் நன்றாக இருக்கிறது என்பது வேறு, சாட்சி என்பது வேறு. சாட்சி பிறகுதான் வந்தது. 2009-இல் வென்ஃபெங்தா என்ற இடத்தில் செங் மன்னர் யூ என்பவரின் மணிகள் வந்தன. அதில் அவரே பேசுகிறார்: எங்கள் மூதாதை சவு மன்னர்கள் வென்னுக்கும் வூவுக்கும் துணை நின்றவர், சவு வீடு தாழ்ந்தபோது நாங்கள் சூவோடு இணங்கினோம், வூ நாடு கூட்டம் சேர்த்துக்கொண்டு சூமேல் பாய்ந்தது, செங் மன்னர் தாமே போரில் இறங்கி சூ மன்னரை மறுபடி நிலைநிறுத்தினார். அதே 506, இந்த முறை வலது பக்கத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிரிப்பு வரும். சுவோ சுவானில் குறி பார்த்துவிட்டுப் பணிவாகப் பதில் சொன்ன சின்ன நாடு, தன் சொந்த மணியில் சூவைத் தூக்கி நிறுத்திய வீரனாக நிற்கிறது. எது நிஜம் என்று என்னைக் கேட்டால், வாசலில் பேசின பேச்சு நூலில் சரியாக இருக்கும், பெருமை மணியில் கொஞ்சம் கூடி இருக்கும் என்பேன். இது என் அபிப்பிராயம், உங்கள் நோட்டில் உங்களுடையதை எழுதுங்கள், ஆனால் கோட்டுக்கு வெளியே எழுதுங்கள்.

அதே இடத்துக் கல்லறை ஒன்றில் சுவெய் நாட்டுத் தளபதி என்று பேர் பொறித்த ஆயுதம் வந்தது, செங் இடுகாட்டில் சுவெய் பேர். கடைசியாக ஒரு பெண். சூ மன்னர் தன் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது செய்த சீர்ப் பாத்திரத்தில் அவள் பேர் சுவெய்யின் மீ ஜியா என்று இருக்கிறது. 2019-இல் சாவ்ஷூலின் என்ற இடத்தில் அதே மீ ஜியாவின் கல்லறை கிடைத்தது, செங் மன்னர் பாவ் என்பவரின் கல்லறைக்குப் பக்கத்தில், அவருடைய மனைவியாக. அவள் மணியிலேயே செங் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறாள். பிறந்த வீட்டில் அந்த ஊருக்கு ஒரு பேர், புகுந்த வீட்டில் இன்னொரு பேர். நம் கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் கார்டும் மாதிரி. கணவர் போன பிறகு நாட்டை அவளே தாங்கியதாகவும் அந்த வாசகத்தைப் படிப்பவர்கள் சொல்கிறார்கள்.

தொடக்கம் மட்டும் பாக்கி. 2011-இலும் 2013-இலும் யெஜியாஷானில் சவு வம்சத்தின் ஆரம்பகாலத்துச் செங் கல்லறைகளைத் தோண்டினார்கள். அங்கே ஒரு செங் மன்னர் தன் தகப்பன் ‘நான்கோங்’ என்ற பிரபுவுக்காகச் செய்த பாத்திரம் வந்தது. சவு மன்னர்களுக்குத் துணை நின்ற தளபதி நான்கோங் குவோவின் வழி இது என்று பொருத்துகிறார்கள்.

சில எச்சரிக்கை

யி மன்னர் கல்லறையில் ஒரு அரக்குப் பெட்டி மூடியில் 28 நட்சத்திர மண்டலங்களின் பேர் வட்டமாக எழுதியிருக்கிறது, நடுவில் சப்தரிஷி மண்டலத்தைக் குறிக்கும் எழுத்து, இரண்டு பக்கம் டிராகனும் புலியும். உடனே நம் ஆள் ஒருவர், அபிஜித்தையும் சேர்த்தால் நமக்கும் 28 நட்சத்திரம், ஆகவே நாம்தான் சீனாவுக்குக் கொடுத்தோம் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். எண் ஒத்துப்போவதும் யார் யாரிடம் வாங்கினார் என்பதும் இரண்டு கேள்வி, இரண்டாவதற்கு அந்தப் பெட்டி பதில் சொல்லாது.

அதே மாதிரி நம் ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் பெரியபட்டினம். அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்தது உண்மை, பச்சை மெருகு போட்ட துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அவை 13, 14-ஆம் நூற்றாண்டுப் பொருட்கள். செங் அதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாலேயே முடிந்துபோன நாடு. ஊர்ப்பாசத்தில் முடிச்சுப் போடாதீர்கள்.

பென்சில் எதற்கு என்றேனே. 2019-க்கு முன் என் நோட்டில் மீ ஜியாவின் கணவர் யார் என்ற இடத்தில் பேனாவால் ஒரு பேர் எழுதிவைத்திருந்தேன், தப்பு, இன்னும் அந்த அடித்தல் அசிங்கமாக இருக்கிறது. செங் எந்த வருஷம் அழிந்தது, யார் கையில் என்று எந்தப் பழைய நூலும் சொல்லவில்லை. சூவின் நிழலில் இருந்தபடி மெல்லக் கரைந்து காணாமல் போகிறது. கடைசிப் பக்கத்தின் வலது பக்கத்தை அதற்காகக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்களும் விடுங்கள். அந்தப் பகுதியில் இன்னும் தோண்டுகிறார்கள்.

செங் முடிந்தால் அடுத்த தடைக்காலத்துக்கு சோங்ஷான் எடுங்கள். வடக்கே இருந்த குட்டி நாடு, கி.மு. 296-இல் சாவ் என்ற நாடு அதை விழுங்கியது. அதன் மன்னர் ஒருவர் செய்த முக்காலிப் பாத்திரம் ஒன்றில் மட்டும் 469 எழுத்து இருக்கிறது, அதனால் வலது பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும், நோட்டில் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அகலமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.